எங்கள் மலைக்கு வந்த சாரட்டு வண்டி

வாத்தியார் வேலை என்றால் தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று யாராவது சொன்னால், அவரைப் பிடித்து ஒரே ஒரு வாரம் மூன்றாம் வகுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்துங்கள். அப்புறம் வெளியே வந்து பேசட்டும்.

சாக்பீஸ் தூளையே முகப்பவுடராகப் பூசி, "டீச்சர், இவன் கிள்றான்" என்பதையே சுப்ரபாதமாகக் கேட்டு வயசான என் சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? எண்பதுகளின் பின்பாதியில் எனக்கு வேலை போட்ட இடம் ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில், காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளி. சர்க்கார் பள்ளிதான். ஆனால் கட்டடம் எஸ்டேட்காரர்கள் ஒரு காலத்தில் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்த பழைய ஷெட். ஆசிரியர்கள் இரண்டே பேர். ஹெட்மாஸ்டர் ஒருவர், அவர் சாது. இன்னொன்று நான், நான் சாது இல்லை.

பழம் பழுக்கிற மாசம்

டிசம்பரில் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வந்தவர் நல்ல நேரம் பார்த்து வந்தாரா என்றால் இல்லை. தோட்டமெல்லாம் காப்பிப் பழம் சிவந்து கிடந்த மாசம் அது. அப்பா அம்மா செடியில் பறிப்பார்கள், பிள்ளைகள் செடிக்கு அடியில் உட்கார்ந்து உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் யார் இருப்பார்கள்? காய்ச்சலில் கிடந்து தேறிய இரண்டு பிள்ளைகளும், எங்கள் வகுப்புக்கு நிரந்தரமாக வந்துபோகும் ஒரு ஆட்டுக்குட்டியும்தான் இருந்தன. இன்ஸ்பெக்டர் ஆட்டுக்குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காப்பி மூட்டை அடுக்க இந்த ஷெட்டைத் திருப்பிக் கேக்கறாங்கம்மா எஸ்டேட்ல. ஜனவரியில மறுபடி வருவேன். அப்பவும் இப்படித்தான்னா, மூடிட்டு டவுன் ஸ்கூலோட சேத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டவுன் ஸ்கூல் என்றால், தினம் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க முடியாதவர்கள் காட்டுப் பாதையில் போகவேண்டும். காலையிலும் சாயங்காலமும் காட்டெருமை குறுக்கே நிற்கிற பாதை. பெரியவர்களே கும்பலாகத்தான் போவார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையை எந்தத் தாய் அனுப்புவாள்? இந்த ஷெட்டை மூடினால் இந்தப் பிள்ளைகளின் படிப்பு அன்றோடு சரி. எனக்கு ராத்திரியெல்லாம் ஆற்றாமை. மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் போய், "எப்படியாவது பிள்ளைங்களை ஜனவரியில உள்ளே உட்கார வைக்கணும் சார், ஏதாவது வழி சொல்லுங்க" என்று குதித்தேன். அவர் வெற்றிலையை மெதுவாக மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"பழம் பழுக்கறப்ப பாடம் பழுக்காதுங்க டீச்சர்."

எந்த எஸ்டேட் துரை?

புத்தகத்தில் அப்போது வந்த பாடம் குடியரசுத் தலைவர். அரைப் பக்கம், அதில் பாதிக்கு ஒரு மங்கலான படம். இதை வைத்துக்கொண்டு காப்பிப் பழத்தோடு போட்டி போட முடியுமா? சேலத்துக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பேப்பர் கடையில் உட்கார்ந்து தும்மித் தும்மி, பழைய வார இதழ்களிலும் காலண்டர்களிலும் தலைவர்களின் படம் எங்கெங்கே கிடைத்ததோ அங்கங்கே கிழித்துக்கொண்டு வந்தேன். சுவரில் வரிசையாகச் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டினேன். முதலில் வந்தவர் தலையில் குல்லாய், உடம்பில் கழுத்துவரை மூடிய நீளக் கோட்டு. அடுத்தவர் நம் பக்கத்துக்காரர், வெள்ளைத் தலைப்பாகை. அப்புறம் ஷெர்வானி போட்டவர், இறுக்கிச் சுற்றிய சீக்கியத் தலைப்பாகைக்காரர் என்று போய்க்கொண்டே இருந்தது.

வந்திருந்த நாலைந்து பிள்ளைகள் சுவருக்கு முன்னால் கூடினார்கள். முதல் கேள்வி: "இவருக்கு எந்த எஸ்டேட்டுங்க டீச்சர்?" பிள்ளைகள் மேல் குற்றமில்லை. நீளக் கோட்டும் தோரணையுமாக ஒருத்தர் நின்றால் அவர் ஏதோ ஒரு எஸ்டேட்டுக்குத் துரையாகத்தான் இருக்கவேண்டும், அவர்களுக்குத் தெரிந்த உலகம் அதுதான். இவர் நாடு முழுக்கத் தலைவர், ஒருத்தர் முறை முடிந்ததும் இன்னொருத்தர் வருவார், எல்லாருக்கும் டில்லியில் அதே மாளிகைதான் என்று தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராயன் என்கிற பொடியன் கையைத் தூக்கினான். அவன் போட்டிருந்த சட்டை மூன்று அண்ணன்கள் போட்டுக் கழித்தது, தோள் முழங்கையில் நிற்கும். அவன் கேட்டான்:

"ஒரே ஊடுதானுங்களே டீச்சர், அப்பறம் எதுக்கு ஆளுக்கொரு சட்ட? மொதல்ல இருந்தவரு கோட்டையே அடுத்தவருக்குப் போட்டுடலாமில்லீங்க?"

கையில் என்ன?

மறுநாள் உடையை விட்டுவிட்டுப் பயணத்துக்கு வந்தேன். அந்தக் காலத்துத் தலைவர் ஊர் ஊராகப் போக ரயிலில் தனிப் பெட்டி இருந்தது, அதில் படுக்கையும் சாப்பாட்டு மேஜையும்கூட உண்டு. இப்போதைய தலைவர் ஏரோப்ளேனில் போகிறார், இறங்கியதும் ஹெலிகாப்டரில் போகிறார் என்று சொல்லி, "தலைவர் நம்ம ஏற்காட்டுக்கு வந்தா எப்படி வருவார்னு படம் போடுங்க பார்க்கலாம்" என்றேன்.

போட்டார்கள். ஒருத்தி ரயிலை மலை வளைவில் ஏற்றியிருந்தாள். ஒருத்தன் ஏரோப்ளேனைச் சில்வர் ஓக் மரத்தில் கட்டிப் போட்டிருந்தான். அதெல்லாம் சரி. ஆனால் எல்லாப் படத்திலும் தலைவர் கையில் உருண்டையாக, மஞ்சளாக ஒன்று இருந்தது. பந்து என்று நினைத்தேன். ஆசீர்வாதமாக ஏதாவது வைத்திருக்கிறாரோ என்றும் யோசித்தேன். காவேரி என்கிற பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒல்லியான பிள்ளை, கண்ணை நேராகப் பார்த்துப் பேசுவாள். "எலுமிச்சம்பழம்ங்க" என்றாள், இதுகூடத் தெரியவில்லையா என்கிற குரலில்.

சேலத்திலிருந்து இந்த மலையேறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சுற்றுகிற சுற்றில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார்கள், மீதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். எனக்கு வந்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழாத குறை. "தலைவர் எதுக்கு எலுமிச்சம்பழம் வெச்சிருக்கப் போறாரு?" என்றேன். காவேரி கொஞ்சமும் அசரவில்லை:

"ஏனுங்க டீச்சர், ஜனாதிபதின்னா அவருக்குக் கொமட்டாதுங்களா?"

குதிரைப் பஞ்சம்

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. பாடத்தை மொத்தமாகச் சொல்லித் தீர்த்துவிடக் கூடாது. மளிகைக்கடைக்காரன் மாதிரிப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் தரவேண்டும். சாயங்காலம் மணி அடிக்கிற நேரத்தில், "இன்னிக்கு ரயில் ஆச்சு. நாளைக்குத் தலைவர் எதுல வருவார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் கெஞ்சினார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் பத்துப் பதினைந்து தலை. அன்றைக்குச் சாரட்டு வண்டி. குடியரசு தினத்தன்று தலைவர் ஆறு குதிரை பூட்டிய சாரட்டில் வருவார் என்று சொல்லி, இரண்டு பெஞ்சைச் சேர்த்து வண்டியாக்கி, முன்னால் ஆறு பேரைக் கயிற்றில் பூட்டினேன். குதிரையாக ஓடினால் ஷெட்டைச் சுற்றி வரலாம், கனைக்கலாம், உதைக்கவும் உதைக்கலாம். அடுத்த நாள் ஆறு இடத்துக்கு அடிதடி. அதற்கடுத்த நாள் ஷெட்டே நிறைந்துவிட்டது.

ஒரு காலையில் காவேரியின் அம்மா பழனியம்மா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பழக்கூடை, தலையில் மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காடை, முகத்தில் அனல். "ஏனுங்க டீச்சரு, பொறுக்கறதுக்கு வாடீன்னா, 'நானு இன்னிக்குக் குதிர, வரமாட்டேன்'ங்கறா. மேஸ்திரி என்னையக் கேக்கறாரு. இது என்னங்க ஞாயம்? படிக்க அனுப்புனா புள்ளையக் குதிரயாக்கி வெச்சிருக்கறீங்க!" என்று ஒரு பிடி பிடித்தாள். நான் சண்டைக்குச் சளைத்தவளா? இருந்தாலும் அன்று அடக்கிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னேன். பள்ளியை மூடினால் டவுனுக்குக் காட்டுவழிதான் என்று சொன்னேன். குதிரைகளுக்கு மத்தியானம் சத்துணவும் உண்டு என்று நினைவுபடுத்தினேன். பழனியம்மா கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். காவேரி கயிற்றைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பழனியம்மா சொன்னாள்:

"அப்படீன்னா ஊட்டுல சின்னது ஒண்ணு இருக்குதுங்க, அதையும் கூட்டியாறேன். அதுக்கும் ஒரு குதிர எடம் போட்டுக் குடுங்க."

சுண்டிவிட்டு ஜெயித்தது

அந்தச் சாரட்டு வந்த கதையும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வெள்ளைக்காரன் போனபோது நாடு இரண்டாச்சு, இருந்த சாமான்களையும் பங்கு பிரித்தார்கள். சாரட்டு ஒன்றுதான், அது யாருக்கு என்று முடிவு பண்ணக் காசைச் சுண்டிவிட்டார்களாம், நமக்கு விழுந்ததாம். இப்படித்தான் சொல்வார்கள், நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. வகுப்பே கைதட்டியது. கோலிக்குண்டில் ஜெயித்த மாதிரி ஒரு ஆர்ப்பாட்டம். ராயன் மட்டும் கைதட்டவில்லை. மூன்று அண்ணன்களிடம் எல்லாவற்றையும் தோற்றுத் தோற்று வளர்ந்தவன் அல்லவா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டான்:

"தோத்தவிய அன்னைக்கு ஊட்டுக்கு நடந்தேதானுங்களா டீச்சர் போனாங்க?"

கணக்கு முடிந்தது

சாரட்டை எத்தனை நாள்தான் ஓட்டுவது? ஒருநாள் காருக்கு வந்துதான் தீரவேண்டியிருந்தது. இப்போதெல்லாம் தலைவர் சாரட்டில் வருவதில்லை, பாதுகாப்புக்காக மூடிய கார், துப்பாக்கியால் சுட்டாலும் கண்ணாடி உடையாது என்று விளக்கினேன். பெருமையாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னால், வகுப்பில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. காரில் குதிரைக்கு வேலை இல்லையே! எங்கள் தோட்டத்திலும் பழம் பறித்து முடிந்ததும் வெளியாட்களைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். மூட்டை முடிச்சோடு அவர்கள் பஸ் ஏறுவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். பின்பெஞ்சிலிருந்து ஒரு குதிரை கேட்டது:

"அந்த ஆறு பேத்துக்கும் கணக்கு முடிச்சுட்டாங்களா டீச்சர்?"

நானும் மனுஷிதானே. குடியரசு தினத்துக்கு நாம் பண்ணப்போவது அந்தக் காலத்து ஊர்வலம், அதனால் ஆறு குதிரையும் வேலையில் தொடரலாம் என்று அங்கேயே உத்தரவு போட்டேன். ஷெட்டில் கிளம்பிய கனைப்புச் சத்தம் பக்கத்துத் தோட்டம்வரை கேட்டிருக்கும்.

கல்யாணக் கோட்டு

ஊர்வலத்துக்குக் குதிரை இருக்கிறது, தலைவர் இல்லை. ஒரு பையனும் முன்வரவில்லை. தலைவர் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும், ஓடக்கூடாது, உதைக்கக்கூடாது என்றால் யாருக்குப் பிடிக்கும்? அப்போது காவேரி எழுந்து, "நான் உக்காந்துக்கறனுங்க" என்றாள். ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுவரைக்கும் பொம்பளை யாரும் ஜனாதிபதி ஆனதில்லீங்களே டீச்சர்" என்று முணுமுணுத்தார். "ஆகக்கூடாதுன்னு சட்டத்துல எங்கயாவது எழுதியிருக்குதா சார்?" என்றேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

தலைப்பாகைக்கு என் வெள்ளைத் துண்டு போதும். நீளக் கோட்டுக்கு எங்கே போவது? ஏற்காடு கடைவீதி முழுக்க அலைந்தேன், கம்பளிச் சட்டைதான் கிடைத்தது. மூன்றாம் நாள் ஹெட்மாஸ்டர் ஒரு துணிப்பையோடு வந்தார். வந்தவர் என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார், பையைக் கீழே வைக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. நானே பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே ரசகர்ப்பூரம் மணக்க ஒரு கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். அவருடைய கல்யாணத்துக்குத் தைத்ததாம். காவேரிக்குக் கணுக்கால்வரை வந்தது, கையை நாலு மடிப்பு மடித்துவிட்டேன். தலைப்பாகையும் சுற்றிவிட்டதும் சுவரில் இருந்த படங்களிலிருந்து ஒன்று இறங்கி வந்து நின்ற மாதிரி இருந்தாள். பாடம் பழுக்காது என்று சொன்ன மனுஷர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பாத்துப் போட்டுக்கச் சொல்லுங்க டீச்சர், என் பொண்ணு கல்யாணத்துக்கும் இதேதான்."

தலைப்பாகை

குடியரசு தினத்துக்கு முந்தின நாள். ஷெட்டுக்கு முன்னால் இருந்த காப்பி காயவைக்கிற களத்தில் ஒத்திகை. பெஞ்சுகளுக்கு அடியில் கட்டை உருளை வைத்து நிஜமாகவே நகர்கிற சாரட்டு செய்திருந்தோம். ஆறு குதிரை பூட்டியாயிற்று. தலையில் துண்டு கட்டிய ராயன் வண்டிக்காரன். மேலே காவேரி. மற்ற பிள்ளைகளுக்கு நான் கத்திக்கத்திச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சாரட்டு வர்றப்ப எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும், தலைவர் யாருக்கும் எந்திரிக்க வேண்டியதில்ல, யாருக்காகவும் தலைப்பாகையைக் கழட்ட வேண்டியதில்ல." பறிப்பு வேலைக்கு நடுவில் பழனியம்மாவும் இன்னும் சில பெண்களும் செடி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது. எஸ்டேட் மேனேஜரின் ஜீப். வெள்ளைக்காரத் துரைகள் போய் எத்தனையோ காலமாகியும் எங்கள் ஜனங்களுக்கு மேனேஜர் இன்னும் துரைதான். துரை ஜீப் வந்தால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. தலையில் கட்டியிருக்கிற துண்டு, கொங்காடை எல்லாம் கீழே இறங்கிவிடும், நடக்கிறவர்கள் வழியை விட்டு ஒதுங்கிவிடுவார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை, கை தானாகப் போகும். பெண்கள் சாக்கை உருவினார்கள். ராயன் துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஆறு குதிரையும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓரத்தில் போய்க் கைகட்டி நின்றன. ஜீப் களத்தில் வந்து நின்றது. மேனேஜர் ஸ்டீயரிங்கில், தலையில் தொப்பி. பக்கத்தில் யார் என்று பார்த்தால், இன்ஸ்பெக்டர்! ஷெட்டைக் கேட்கிறவரும் மூடப்போகிறவரும் ஒரே வண்டியில்.

களத்துக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தது காவேரி மட்டும்தான். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, மடியில் இரண்டு கை.

"எறங்கு கண்ணு, தலைப்பாவ எடு சாமி" என்று ஹெட்மாஸ்டர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். செடி ஓரத்தில் பழனியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் குடியிருக்கிற வீடு எஸ்டேட் வீடு, செய்கிற வேலை எஸ்டேட் வேலை. துரைக்குக் கோபம் வந்தால் இரண்டும் போய்விடும். நான்தானே இந்தப் பிள்ளைக்கு எந்திரிக்காதே, கழட்டாதே என்று சொன்னவள்! இப்போது என் வாயாலேயே எடு என்று சொல்வதா?

மேனேஜர் ஜீப்பிலிருந்தபடியே கேட்டார்: "ஏம்மா, எல்லாரும் எறங்கி நிக்கறாங்க. நீ மட்டும் ஏன் உக்காந்திருக்கே?"

காவேரி இரண்டு கையாலும் தலைப்பாகையை அழுத்திக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "நானு காவேரின்னா எறங்கியிருப்பனுங்க. இப்ப ஜனாதிபதியா இருக்கறனுங்க. ஜனாதிபதி வண்டி வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிக்கோணுமுங்க. நீங்கதானுங்க இன்னும் உக்காந்திருக்கறீங்க."

மேனேஜர் அவளையே பார்த்தார். பிறகு ஜீப்பை அணைத்தார், இறங்கினார், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். "தப்புத்தானுங்க, மன்னிக்கணும்" என்றார், சிரிக்காமல். பக்கத்திலிருந்த இன்ஸ்பெக்டரும் அலறியடித்துக்கொண்டு இறங்கினார். ராயன்தான் முதலில் சுதாரித்தான். துண்டை எடுத்து மறுபடி தலையில் கட்டிக்கொண்டு, "ஏய் குதிரைங்களா, வாங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டான். கயிறு இறுகியது, சாரட்டு நகர்ந்தது. தோட்டத்துத் துரை தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நிற்க, பழனியம்மாவின் மகள் அவரைத் தாண்டிப் போனாள். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர். துடைத்துக்கொள்ள மனசில்லை, வரட்டும் என்று விட்டுவிட்டேன். பழனியம்மா சாக்குக் கொங்காடையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், துரை எதிரிலேயே.

அதற்கப்புறம் இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விகளை அவரே முடிக்க முடியவில்லை. "முதல் தலைவர் தலையில..." என்று ஆரம்பித்தால் "குல்லா!" என்று ஷெட் அதிர்ந்தது. "அந்தக் காலத்துல வெளியூருக்கு..." என்றால் "தனி ரயிலுப் பெட்டி!" "ஏன் இப்ப சாரட்டுல வர்றதில்ல?" என்றதற்கு ஆறு குதிரையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தன, கையமர்த்தி உட்காரவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இடமில்லாமல் ஜன்னல் கட்டையில் தொற்றியிருந்தார்கள். மேனேஜர் சுவரோரமாக நின்றே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஹெட்மாஸ்டரிடம், "மூட்டைக்கு வேற எடம் பாத்துக்கறோம், இங்க உக்காரவே எடமில்லாம இருக்குது" என்றார். ஹெட்மாஸ்டர் கும்பிட்டார். ஜீப் ஏறப் போன இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். இன்னும் கோட்டைக் கழற்றாமல் என் பக்கத்தில் நின்ற காவேரியின் தலைப்பாகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்:

"மூடிட்டுப் போகலாம்னுதாம்மா வந்தேன். ஆனா ஜனாதிபதி இருக்கற எடத்த மூடறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்களே!"

டில்லியில் எத்தனை தலைவர்கள் சட்டை மாற்றினாலும் வண்டி மாற்றினாலும், அதனால் நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்ததெல்லாம், எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் மிஞ்சியது என்பதுதான்.